தனக்கென்று ஒரு மாயக்கதை: வன்னியில் அது எதை ஆற்றும், எதை ஆற்றாது

ஒரு பிள்ளையின் பெயர், வயது, விருப்பமான விலங்கு, எதற்குப் பயம் என்ற விவரங்களைக் கைத்தொலைபேசியில் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் தட்டினால் ஒரு நிமிடத்தில் கதை வந்துவிடுகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுப் பாவனைக்கு வந்ததிலிருந்து இது யாருக்கும் கைக்கெட்டிய வேலை. 2025 ஆகஸ்ட்டில் கூகுளின் ஜெமினி செயலி பத்துப் பக்கப் படக்கதையை எழுதி, படம் போட்டு, வாசித்தும் காட்டத் தொடங்கியது. பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்தப் பழக்கத்தோடு, 'தனக்கென்றே எழுதப்பட்ட மாயக்கதை மனக்காயத்தை ஆற்றும்' என்ற பேச்சும் சேர்ந்து பரவுகிறது.

இந்தப் பேச்சு வட இலங்கையின் வன்னிக்கு, அதாவது கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் மன்னாருக்கும் வந்து சேரும்போது கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2009 மே வரை நடந்த இறுதிப் போரை முள்ளிவாய்க்காலில் கண்டவர்கள், அதற்குப் பின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் இங்கே ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள்ளேயே மூன்று விதமான காயம் இருக்கலாம். ஒரே கதை மூன்றுக்கும் பொருந்தாது.

மாயக்கதைக்கு ஆற்றும் வலு உண்டா? உண்டு. ஆனால் அந்த வலு கதையின் அழகிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டால் பிழையாகிவிடும். கதையின் முடிவு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் முக்கால்வாசி விஷயமும் இருக்கிறது.

முதலில் மூன்று சொற்கள்

1. உளவடு. ஆங்கிலத்தில் ட்ரோமா என்பதற்கு இலங்கைத் தமிழில் வழங்கும் சொல். உயிருக்கே ஆபத்து என்ற அளவிலான அனுபவம் மனத்தில் விட்டுப்போகும் தழும்பு அது. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி எழுதியபோது ஒரு படி மேலே போய், கூட்டு உளவடு என்ற கருத்தை முன்வைத்தார். தனி மனிதர் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் காயப்படுகின்றன. ஒருவரையொருவர் நம்பும் பழக்கம் அறுந்துபோகிறது என்பது அவர் வாதம்.

2. ஆற்றுப்படுத்தல். உளவளத்துணையோடு (கவுன்சிலிங்) சேர்த்து எங்கள் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் சொல். புண்ணை ஆற்றுவது என்ற பொருள் அதில் கேட்கிறது. 'ஆறு' என்றால் வழி என்ற பழைய பொருளும் உள்ளே இருக்கிறது. சங்ககால ஆற்றுப்படைகளில் பரிசில் பெற்று வரும் பாணன், வறுமையில் நிற்கும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். அவன் வழியைத்தான் சொல்கிறான். நடக்க வேண்டியவன் மற்றவன். இந்தச் சொல் தற்செயலாக அமைந்திருந்தாலும் மிகச் சரியாக அமைந்திருக்கிறது.

3. தனக்கென்ற மாயக்கதை. நடக்க முடியாதவை நடக்கும் கதை. அதை ஒரே ஒருவருக்காகக் கட்டுவது. இங்கே ஒரு குழப்பம் உண்டு. கதாநாயகனுக்குப் பிள்ளையின் பெயரை வைத்துவிட்டால் அது தனக்கென்ற கதை ஆகிவிடாது. பெயர் ஒட்டுவது சின்ன வேலை. பிள்ளையின் சிக்கல் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவம் கதையின் எலும்பில் இருக்க வேண்டும், தோல் வேறாக இருக்க வேண்டும். பல வேளைகளில் பெயரை மாற்றிவிடுவதே நல்லது. தன் பெயரைக் கேட்டதும் பிள்ளை உசாராகி, 'எனக்குப் புத்தி சொல்லப் போகிறார்கள்' என்று மூடிக்கொள்ளும்.

கதைக்குள் நடக்கும் வேலை

குளத்தடியில் வளர்ந்தவர்களுக்கு இதைத் துருசை, அதாவது குளத்து மதகை வைத்துச் சொல்லலாம். மாரியில் குளம் நிரம்புகிறது. கட்டு தாங்காவிட்டால் உடைப்பெடுத்து ஊரைக் கொண்டுபோகும். துருசைத் திறக்காமலே வைத்திருந்தால் கீழே வயல் காயும். துருசு திறப்பவர் வாய்க்கால் தாங்கும் அளவுக்குத் திறந்து, போதும் என்றதும் மூடுவார். துயரத்தை அளவு பார்த்துத் திறக்கும் இந்த வேலையை மாயக்கதை மூன்று விதமாகச் செய்கிறது.

1. தூரம். 'எனக்குப் பயம்' என்று சொல்ல முடியாத பிள்ளை 'ஆமைக்குப் பயம்' என்று சொல்லும். ஆமையைப் பற்றிப் பேசுவதால் தன்னைக் காட்டிக்கொடுத்த உணர்வு வருவதில்லை. பெரியவர்களுக்கும் இதே கதைதான்.

2. ஒழுங்கு. பயங்கர அனுபவம் மனத்தில் முழுக்கதையாகப் பதிவதில்லை. ஒரு மணம், ஒரு சத்தம், ஒரு நிறம் என்று துண்டு துண்டாகக் கிடக்கும். எப்போது, எங்கே என்ற முத்திரை அதில் சரியாக விழுந்திருக்காது. தகரக் கூரையில் மழை சடசடவென்று விழும்போது இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு கணம் பதுங்குகுழிக்குள் இருந்த எட்டு வயதுப் பிள்ளையாகிவிடுவது இதனால்தான். கதைக்கு முன் என்றும் பின் என்றும் உண்டு. 'அப்புறம் என்ன நடந்தது?' என்ற கேள்வியே துண்டுகளை வரிசையில் கோக்கிறது.

3. செய்யும் கை. உளவடு உண்டான நேரத்தில் அந்த மனிதரால் எதுவும் செய்ய முடியவில்லை. கதையில் அவர் எதையாவது செய்யலாம்: கதவைத் திறக்கலாம், பூதத்திடம் கேள்வி கேட்கலாம், ஓடாமல் நிற்கலாம். நடந்ததை அது மாற்றாது. 'என்னால் ஒன்றும் ஏலாது' என்று உள்ளே உறைந்துபோன நினைப்பைக் கொஞ்சம் இளக்கும்.

மூன்றாவதுக்கு நல்ல சான்று, கொடுங்கனவுகளுக்குச் செய்யும் ஒரு சிகிச்சை. திரும்பத் திரும்ப வரும் கனவைப் பகலில் எழுதி, அதை விரும்பியபடி மாற்றி, மாற்றிய கனவைத் தினமும் சிறிது நேரம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. பாலியல் வன்முறைக்கு உள்ளான 168 பெண்களிடம் செய்து, 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் கொடுங்கனவுகளும் உளவடு அறிகுறிகளும் குறைந்தன. கவனிக்க வேண்டியது 'விரும்பியபடி' என்ற சொல். கனவை எப்படி மாற்றுவது என்று சிகிச்சையாளர் சொல்லிக்கொடுப்பதில்லை. கனவு கண்டவர்தான் மாற்றுகிறார்.

ஒரு பிள்ளைக்கான கதை, கிட்ட நின்று

விளக்கத்துக்காகக் கட்டிய உதாரணம் இது. முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு எட்டு வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள், இரண்டு வருட ஒப்பந்தம். பையன் அம்மம்மாவோடு இருக்கிறான். இரவில் கதவுக் கொளுக்கியை நாலைந்து தரம் எழும்பிப் பார்க்கிறான். வாட்ஸ்அப் அழைப்பு முடிந்ததும் கோபத்தில் எதையாவது எறிகிறான். அவனுக்கு உயிர் லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரம்.

அம்மம்மா இப்படித் தொடங்கலாம். குளத்துக்கு அடியில் ஒரு ஊர் இருக்கிறது. அங்கே ஒரு சின்னப் பையனிடம் தண்ணீருக்குள் ஓடும் லாண்ட்மாஸ்டர் ஒன்று இருக்கிறது. லைட் போட்டால் மீன்கள் விலகி வழி விடும். அந்த ஊரில் இரவானால் குமிழிமூக்கன் என்று ஒன்று வந்து கதவில் தட்டும். 'உன்னை மறந்திட்டினமோ?' என்று கேட்கும். பையன் 'இல்லை' என்று கத்துவான். கத்தக் கத்த அது பெருக்கும். ஒரு நாள் கிழட்டுப் பாலாமை ஒன்று சொல்கிறது: 'அதுக்கும் ஏதோ பசி போலக் கிடக்கு. என்ன வேணுமெண்டு கேளன் தம்பி.' பையன் லாண்ட்மாஸ்டர் லைட்டைப் போட்டுக்கொண்டு மெல்லக் கதவடிக்குப் போய்க் கேட்கிறான்.

இங்கே அம்மம்மா நிறுத்த வேண்டும். 'என்ன கேட்டிருக்கும் சொல்லு பாப்பம்?'

பையன் என்ன சொல்வான் என்று யாருக்கும் தெரியாது. 'அதுக்குப் போன் வேணுமாம்' என்று சொல்லலாம். 'அதுக்கும் அம்மா இல்லையாம்' என்று சொல்லலாம். 'அதை லாண்ட்மாஸ்டராலை ஏத்திப்போட்டான்' என்றும் சொல்லலாம். மூன்றும் மூன்று செய்தி. முதலாவது, அழைப்பு சட்டென்று முடிவது நோகிறது என்கிறது. அழைப்பை முடிக்க ஒரு வழக்கமான சொல்லோ சைகையோ வைத்தால் உதவும். இரண்டாவது, துயரத்துக்கே பெயர் வந்துவிட்டது. மூன்றாவது, கோபம் இன்னும் தீரவில்லை. நாளைக்குக் குமிழிமூக்கன் திரும்பி வரட்டும். எதைச் சொன்னாலும் அம்மம்மா 'சரி, அப்புறம்?' என்று கேட்டுக்கொண்டு போகலாம்.

அமெரிக்க உளமருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1971இல் விளக்கிய முறை இதற்கு நெருங்கியது. முதலில் பிள்ளை ஒரு கதை சொல்லும். அதே பாத்திரங்களை வைத்து, வேறு வழி தெரியும் விதமாக மருத்துவர் ஒரு கதை சொல்வார். பிரச்சினைக்கு உருவம் கொடுத்துப் பிள்ளையிடமிருந்து பிரித்து வைப்பது, அதாவது 'நீ கெட்டவன் இல்லை, குமிழிமூக்கன் தொல்லை தருகிறான்' என்பது, ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் வளர்த்தெடுத்த வழி.

செய்யக்கூடாத ஒன்று உண்டு. 'அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால் அம்மா வந்து நின்றா' என்று முடிக்கக் கூடாது. கேட்க இனிமையாகத்தான் இருக்கும். விடிந்ததும் பிள்ளை வாசலைப் பார்க்கும். யாரும் நிற்க மாட்டார்கள். அன்றிலிருந்து கதை சொன்னவர் வாயையும் அது நம்பாது.

இங்கே இது புதிதா?

ஒருவருக்கென்றே கட்டும் ஆற்றும் புனைவு எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டும் உவமைகளும் பொது. செத்தவரின் பெயர், அவர் நட்ட மரம், அவர் வாங்கிய மாடு, அவர் விட்டுப்போன சண்டை எல்லாம் அந்த வீட்டுக்கே உரியவை. சொல்பவர் அந்த இடத்திலேயே கோத்துச் சொல்கிறார், மற்றப் பெண்கள் தோளில் கை போட்டுக் கூட அழுகிறார்கள். வடிவம் ஊருடையது, உள்ளடக்கம் ஒருவருடையது, கேட்பவர்களும் கூடவே இருக்கிறார்கள். கைத்தொலைபேசிக் கதையில் இந்த மூன்றாவது இல்லை.

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் கதை இன்னும் நெருக்கமானது. கணவனைப் பறிகொடுத்து மதுரையை எரித்த கண்ணகி, கோபம் ஆறாமல் ஈழத்துக்கு வந்து இடம் இடமாகத் தங்கி, பத்தாவது தங்குமிடமாக நந்திக்கடல் ஓரத்துக்கு வந்தாள் என்பது ஐதீகம். கிழவி உருவில் வந்தவளுக்கு மாடு மேய்த்த சிறுவர்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்கு வைக்க எண்ணெய் இல்லை; கடல் தண்ணீரில் எரியுங்கள் என்கிறாள், எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். மயிரை விலக்கினால் தலை முழுக்க ஆயிரம் கண்கள். பிறகு மறைந்துவிடுகிறாள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். அது முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐ ஒட்டிய காலம். கோயிலும் அதே நந்திக்கடலின் கரையில்தான் இருக்கிறது.

ஆற்றும் கதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான மாதிரியை நான் காணவில்லை. கோவலன் திரும்பி வருவதில்லை. நடந்தது நடக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. 'இனிக் கோபப்படாதே' என்று புத்தி சொல்வதுமில்லை. ஒரு வாய் சோறு, ஒரு வெளிச்சம், தலையில் ஒரு கை. கண்ணீர் விட்ட கண்கள் எத்தனை என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்கிறார்கள். கதை அவ்வளவைத்தான் செய்கிறது.

ஆய்வுகள் காட்டுவது

கதை சொல்வது சிகிச்சையாக வேலை செய்கிறதா என்று இலங்கையிலேயே பார்த்திருக்கிறார்கள்.

முதலாவது, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் நடந்தது. போரையும் சுனாமியையும் கண்ட 31 பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் செய்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தம் வாழ்க்கையை வரிசையாகக் கதையாகச் சொல்லும் முறை, மற்றப் பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். 2009இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்துக்குப் பின் கதை முறையில் 81 சதவீதத்தினரும் தியான முறையில் 71 சதவீதத்தினரும் தேறியிருந்தார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே உதவின. சிறிய ஆய்வுதான். ஆனாலும் உள்ளூர் ஆட்களே பயிற்சியோடு இதைச் செய்ய முடியும் என்று அது காட்டியது. இங்கே சொல்லப்பட்டது மாயக்கதை இல்லை, சொந்தக் கதை என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வட இலங்கையில் 399 பாடசாலைப் பிள்ளைகளிடம், விளையாட்டும் ஆக்கச் செயல்களும் சேர்ந்த 15 அமர்வுகளைச் செய்து பார்த்த ஆய்வு அது; 2012இல் வெளியானது. முரட்டு நடத்தை குறைந்தது. ஆண் பிள்ளைகளுக்கு உளவடு அறிகுறிகளில் பயன் கூட. பெண் பிள்ளைகளில், அமர்வுகளுக்கு வந்தவர்களைவிட வராமல் காத்திருந்தவர்களுக்கே அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. அன்றாடப் போர் அழுத்தம் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே பயன் தெளிவாகத் தெரிந்தது.

இதை இன்றைய வன்னிக்குப் பொருத்திப் பாருங்கள். நுண்கடன் தவணைக்கு ஆள் வாசலில் நிற்கிறது, காணி இன்னும் கைக்கு வரவில்லை, தகப்பன் இரவில் குடித்துவிட்டு வருகிறான். அந்த வீட்டில் படுக்கைக்கு முன் ஒரு நல்ல கதை சொன்னால் பிள்ளை நன்றாகத் தூங்கலாம். அதுவும் பெரிய விஷயம்தான். நெருக்கடி அப்படியே இருக்கும்வரை கதையிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. உளவடுக்கு மருத்துவ வழிகாட்டிகள் முதலில் பரிந்துரைப்பது பயிற்சி பெற்றவர் தரும் உளவடு சார்ந்த சிந்தனை நடத்தைச் சிகிச்சை போன்றவற்றைத்தான். மாயக்கதை அவற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் துணை.

முடிவு எழுத முடியாத இழப்பு

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தொடர் போராட்டம் ஆண்டுகள் கடந்தும் தொடர்கிறது. அவர்களில் பலர், 2009 மே மாதம் வட்டுவாகலில் தங்கள் கையாலேயே பிள்ளையைப் படையினரிடம் ஒப்படைத்ததாகச் சொல்லும் தாய்மார். இவர்களின் துயரம் மரணத் துயரம் போன்றதல்ல. அமெரிக்கக் குடும்ப நல ஆய்வாளர் பாலின் பொஸ் 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு பழகி இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'தெளிவற்ற இழப்பு' என்று சொல்லலாம். ஆள் இல்லை, இல்லை என்றும் சொல்ல முடியாது.

இதன் விளைவுகள் வீட்டுக்குள் மிகத் துல்லியமாகத் தெரியும். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கைச் செய்ய முடியாது. திவசம் எந்தத் திதியில்? பொட்டு வைப்பதா, விடுவதா? ஊரே சேர்ந்து ஒப்பாரி சொல்லக் காத்திருந்தாலும் அந்தத் தாய் வாய் திறக்க மாட்டாள். சொன்னால் பிள்ளையைத் தானே கொன்றதாகிவிடும். மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமையைக் குறிக்கும் சான்றிதழ் ஒன்றை 2016இல் சட்டம் அனுமதித்தது. அதை வாங்குவதற்கே தயங்குகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

இப்படி ஒரு தாய்க்கு மாயக்கதை எழுதப் புறப்படுபவர் இரண்டு குழிகளில் விழலாம்.

1. மகனைக் கதையில் கூட்டிவருவது. ஒரு நிமிடம் நெஞ்சு குளிரும். பிறகு இழப்பு புதிதாக நடக்கும்.

2. மகனைக் கதையில் வழியனுப்புவது. 'அவன் நட்சத்திரமாகிவிட்டான், இனி நீ நிம்மதியாக இரு.' நல்ல மனத்தோடு சொல்லப்பட்டாலும், அலுவலகங்களில் அவளுக்குச் சொல்லப்பட்டு அவள் ஏற்காத அதே முடிவு, மென்மையான குரலில் திரும்ப வருகிறது.

பொஸ் சொன்ன வழி, இரண்டையும் ஒன்றாகத் தாங்கப் பழகுவது: அவன் இல்லாமலும் இருக்கலாம், இருக்கவும் கூடும். கதை அதற்கு இடம் கொடுக்கலாம். கடலோரத்தில் ஒருத்தி இரண்டு விளக்கு வைத்திருக்கிறாள் என்று தொடங்கலாம். ஒன்று கடலைப் பார்த்தபடி, வர வேண்டிய வள்ளத்துக்கு. மற்றது அடுப்படியில், இருக்கிற பிள்ளைகள் சாப்பிட. எண்ணெய்ப் போத்தல் ஒன்றுதான். எந்த இரவில் எதற்கு எவ்வளவு ஊற்றுவது என்று அவளே பார்த்துக்கொள்கிறாள். கதை இந்த இடத்தில் நிற்கலாம். வற்றாப்பளை தெரிந்த தாய் ஒருத்தி, 'எண்ணெய் முடிஞ்சால் உப்புத் தண்ணி கிடக்குத்தானே' என்று தானே தொடரவும் கூடும். தொடராமல் எழும்பிப் போகவும் கூடும். இரண்டும் அவள் உரிமை.

இதைப் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் செய்வதே முறை. இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்பது நோய் அறிகுறி இல்லை. ஆற்றுப்படுத்தலை அந்தக் கேள்விக்கான பதிலாக யாரும் வைக்கக் கூடாது.

இயந்திரம் எழுதும்போது

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கதை கட்டுவதில் கெட்டிக்கார உதவியாளர்கள். சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது.

1. அவை கதையை முடித்துவைக்கத் துடிக்கும். சொல்லாவிட்டால் பெரும்பாலும் எல்லாரும் சேர்ந்து சந்தோசமாக இருப்பதில்தான் கொண்டுபோய் விடும். மேலே பார்த்த இரண்டு குழிகளும் அந்த வழியில்தான் இருக்கின்றன.

2. அவை முகம் பார்ப்பதில்லை. கேட்கும் பிள்ளையின் மூச்சு வேகமாவது, உடம்பு விறைப்பது, பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்பது எல்லாம் துருசை மூட வேண்டிய அடையாளங்கள். அம்மம்மாவுக்கு இருட்டிலும் தெரியும்.

3. மொழி. அம்மம்மா 'பாட்டி' ஆகிவிடுவா. குளக்கட்டும் பாலை மரமும் போய்க் கோட்டையும் பனிமலையும் வரும். சின்ன விஷயம்போலத் தோன்றினாலும் கதையின் நெருக்கம் அங்கேதான் கழன்றுவிடுகிறது.

4. தகவல். காணாமற்போனவரின் உண்மைப் பெயர், ஒப்படைத்த இடம், திகதி, விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவரா என்பது, பிள்ளையின் பாடசாலை ஆகியவற்றைச் செயலியில் தட்டவே கூடாது. இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இருந்தாலும் வெளிநாட்டுச் சேவையகம் ஒன்றுக்குப் போன வரியைத் திரும்ப எடுப்பது இலகுவில்லை. யார் வந்து விசாரித்தாலும் ஆள் பார்த்துப் பேசிப் பழகிய ஊர், தொலைபேசியிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டத் தேவையில்லை.

பயன்படுத்துவதென்றால் இப்படிச் செய்யலாம். பெரியவர் ஒருவர் பெயர் விவரம் இல்லாமல் மூன்று தொடக்கங்களை மட்டும் கேட்டு வாங்கலாம். பிடித்ததை எடுத்து ஊர்ச் சொல்லில் மாற்றி, தன் வாயால் சொல்லி, நடுவில் நிறுத்திக் கேட்கலாம். மீதியைக் கேட்பவர் பார்த்துக்கொள்வார்.

கதை போதாத இடம்

சில அடையாளங்கள் தெரிந்தால் கதையோடு நின்றுவிடாமல் ஆளைத் தேட வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாக வேண்டும் என்ற பேச்சு வருகிறது, இல்லாத குரல் கேட்கிறது, குடி கூடிக்கொண்டே போகிறது, பிள்ளை பாடசாலைக்குப் போக மறுக்கிறது, அல்லது விளையாட்டில் ஒரே பயங்கரக் காட்சியை மாற்றமே இல்லாமல் திரும்பத் திரும்ப நடித்து இன்னும் கலங்குகிறது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேட்கலாம். தேசிய உளநல உதவி இலக்கம் 1926.

மாயக்கதைக்கே உரிய ஓர் அவசரமும் உண்டு. தூரம் கிடைத்ததும் பிள்ளை சில வேளை யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொல்லிவிடும்: ஆமையை மாமா ஆமை இரவில் தொட்டது என்று. அந்த இடத்தில் கதையைத் தொடரக் கூடாது, முடிவும் கேட்கக் கூடாது. குறுக்கு விசாரணை வேண்டாம். 'நீ சொன்னது நல்லது, நான் நம்புறன்' என்று சொல்லி, பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதிவைத்து, அன்றைக்கே 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கோ பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கோ அறிவிக்க வேண்டும். அன்றிரவு பிள்ளை யாரோடு படுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.